கையெழுத்து இல்லாத கண்ணாடிக்குப் பெயர் சொல்லும் ஆன்லைன் சேவை: பாதி ரிப்போர்ட் தங்கம், முதல் வரி தகரம்

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு கிளம்பலாம். ஸ்டுடியோ கண்ணாடி என்றால் பெரிய தொழிற்சாலையில் இல்லாமல் கலைஞர்கள் சிறு கூடங்களில் கையால் ஊதிச் செய்யும் சாடி, கிண்ணம் போன்றவை. அடியில் கையெழுத்தோ முத்திரையோ ஸ்டிக்கரோ இல்லாத அப்படிப்பட்ட பொருளை யார் செய்தது என்று படம் பார்த்துச் சொல்லும் கட்டணச் சேவை இது. அவர்கள் தரும் ரிப்போர்ட்டில் "இது யாருடையது இல்லை" என்று எழுதும் பகுதிக்குத் தாராளமாகக் காசு கொடுக்கலாம். "இது யாருடையது" என்று கொட்டை எழுத்தில் போடும் முதல் வரிக்குச் சல்லிக்காசு கூடக் கொடுக்கக் கூடாது. குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் சேவையின் பெயரைப் போடவில்லை. பெயர் தெரியாமலே இது உங்களுக்குப் பயன்படும், ஏனென்றால் வேறு எந்த நிபுணரிடம் போனாலும் நீங்கள் பார்க்க வேண்டியவை இவைதான்.

நான் அனுப்பியது கனமான, தட்டையான ஒரு பூச்சாடி. நீலமும் பச்சையும் கலந்த உட்பகுதி, அதன் குறுக்கே தேன் நிறக் கீற்றுகள், அதைச் சுற்றித் தடிமனான நிறமற்ற கண்ணாடி உறை. இரண்டு பக்கவாட்டிலும் உறையை அறுத்து மெருகேற்றியிருக்கிறார்கள், அந்த ஜன்னல் வழியாகப் பார்த்தால் உள்ளே இருக்கும் நிறம் வேறு வடிவத்தில் தெரியும். அடியில் தேய்த்து மெருகேற்றிய வட்டமான ஒரு சிறு பள்ளம், அவ்வளவுதான். ஸ்டுடியோ கண்ணாடி கொஞ்சம் பார்த்தவர்களுக்கு இதைப் படிக்கும்போதே ஒரு பெயர் நாக்கு நுனிக்கு வந்திருக்கும். பிரச்சினையே அங்கேதான், அதற்கு அப்புறம் வருகிறேன்.

படம் ஏற்றும் கட்டம்தான் இந்தச் சேவையிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது. முன்பக்கம் ஒரு அழகான போட்டோ மட்டும் அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அடிப்பாகத்தை நேராக ஒரு படம், பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு படம், வாய் விளிம்பு மிக அருகில், பிறகு 365 நானோமீட்டர் புறஊதா டார்ச்சில் இருட்டறையில் ஒரு படம், காற்றிலும் தண்ணீரிலும் எடுத்த எடை, இதெல்லாம் கட்டாயம். எரிச்சலாக இருந்தது, ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு.

அடிப்பாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஊதுகுழலில் ஊதி உருவம் கொடுத்த பிறகு, வாய்ப்பக்கத்தில் வேலை செய்ய வேண்டுமானால் பாத்திரத்தைக் குழலிலிருந்து பிரித்தாக வேண்டும். அதற்காக பான்டில் என்கிற இரும்புக் கம்பியின் நுனியில் கொஞ்சம் சூடான கண்ணாடி எடுத்து அடியில் ஒட்டுவார்கள், வேலை முடிந்ததும் தட்டி உடைத்து எடுப்பார்கள். உடைந்த இடத்தில் ஒரு தழும்பு இருக்கும். அந்தத் தழும்பை என்ன செய்தார்கள் என்பதில் ஒவ்வொரு கூடத்துக்கும் ஒரு பழக்கம் உண்டு. சிலர் சொரசொரப்பாகவே விட்டுவிடுவார்கள், சிலர் தீயில் காட்டி மழுக்குவார்கள், சிலர் சக்கரத்தில் தேய்த்துப் பள்ளமாக்கி மெருகேற்றுவார்கள், சிலர் அந்த இடத்தில் ஒரு துளி சூடான கண்ணாடி வைத்து அதன் மேல் முத்திரை அழுத்துவார்கள். நிறத்தையும் உருவத்தையும் யார் வேண்டுமானாலும் காப்பி அடிக்கலாம். வாங்குபவர் திருப்பிப் பார்க்காத அடிப்பக்கத்தைக் காப்பி அடிக்கப் பெரும்பாலும் யாரும் மெனக்கெடுவதில்லை. அதனால் முன்பக்கத்துக்கு ஒரே ஒரு படமும் அடிக்கு அத்தனை படமும் கேட்கிற சேவை, வேலை தெரிந்தவர்கள் கையில் இருக்கிறது என்று நம்பலாம்.

பக்கவாட்டு வெளிச்சம் எதற்கு என்றால் தேய்மானம் பார்க்க. பல வருடம் மேசையிலும் அலமாரியிலும் இருந்த பொருளின் அடியில், தரையைத் தொடும் விளிம்பில் மட்டும், எல்லாத் திசையிலும் தாறுமாறாக நுண்ணிய கீறல்கள் இருக்கும். பழசாகக் காட்ட உப்புத்தாள் போட்டவர்களின் கீறல்கள் ஒரே திசையில் ஓடும், தரையே தொடாத பள்ளத்துக்குள்ளும் இருக்கும். சாதாரண லென்ஸ் போதும், ஆனால் வெளிச்சம் சாய்வாக விழ வேண்டும். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது.

எடை விஷயம் இன்னும் நன்றாக இருந்தது. நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிட்டு எடை எடுக்கச் சொல்கிறார்கள், உள்ளே காற்றுக்குமிழி சிக்காமல். காற்றில் 1500 கிராம் இருக்கும் பொருள் தண்ணீரில் 600 கிராம் குறைந்தால் அடர்த்தி 2.5, அதாவது சோடா சுண்ணாம்புக் கண்ணாடி. 500 கிராம்தான் குறைந்தது என்றால் அடர்த்தி 3, ஈயம் கலந்த கிரிஸ்டல் பக்கம் போக வேண்டும். சமையலறைத் தராசும் ஒரு வாளியும் இருந்தால் செய்யக்கூடிய சோதனை, ஆனால் பெரும் பெயர்களில் பாதியை இது ஒரே அடியில் வெட்டிவிடும். ஒரு எச்சரிக்கை மட்டும் சேர்த்திருக்கலாம்: ஸ்டுடியோக்கள் பயன்படுத்தும் நிறக் கண்ணாடிக் கம்பிகளில் பல ஈயம் அதிகம் உள்ளவை, நிறம் அடர்த்தியாக இருக்கும் பொருளில் கணக்கு கொஞ்சம் நகரும். என் சாடியில் உறை பெரிது, நிறப்பகுதி சிறிது, அதனால் பாதிப்பு இல்லை. கணக்கு 2.5-ஐ ஒட்டியே வந்தது.

டார்ச் விஷயத்தில் மலிவான 395 நானோமீட்டர் டார்ச் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்கிறார்கள், சரியான அறிவுரை. அதில் ஊதா வெளிச்சமே எல்லாவற்றின் மேலும் படிந்து, மங்கலான ஒளிர்வை மறைத்துவிடும். யுரேனியம் இருந்தால் எந்த டார்ச்சிலும் பச்சையாகப் பளீரென்று கத்தும், மாங்கனீசு அதே பச்சையில் ரொம்ப மெல்லியதாக வரும், இந்த வித்தியாசத்தை 365-இல்தான் நிதானமாகப் பார்க்க முடியும். என் சாடியில் ஒன்றும் ஒளிரவில்லை. ஒளிராததை வைத்து யார் செய்தது என்று எதுவும் சொல்ல முடியாது என்று ரிப்போர்ட்டிலேயே எழுதியிருந்தார்கள், அந்த நேர்மைக்கு ஒரு சபாஷ்.

இப்போது ரிப்போர்ட்டின் முதல் வரி. "செய்தவர்: மைக்கேல் ஹாரிஸ், எம்தினா கிளாஸ், மால்டா, 1970 வாக்கில்." பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு டிக் வேறு.

ஹாரிஸ் யார் என்று தெரியாதவர்களுக்கு: லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் கண்ணாடி கற்பித்தவர், 1968-இல் மால்டாவில் எம்தினா கிளாஸைத் தொடங்கினார், 1972-இல் அங்கிருந்து கிளம்பி 1973-இல் இங்கிலாந்தின் ஐல் ஆஃப் வைட் தீவில் இன்னொரு கூடம் ஆரம்பித்தார். நிறமற்ற தடித்த உறைக்குள் கடல் நிறங்கள், பக்கவாட்டில் அறுத்த முகங்கள், இது அவருடைய புகழ்பெற்ற மீன் வடிவச் சாடியின் அடையாளம். அதனால் என் சாடியைப் பார்த்ததும் அவர் பெயர் நினைவுக்கு வருவதில் தப்பே இல்லை. ஆனால் நினைவுக்கு வருவதும் அவர்தான் செய்தார் என்று எழுதிக்கொடுப்பதும் ஒன்றா? ஹாரிஸ் கிளம்பின பிறகும் எம்தினாவில் அதே வடிவங்களும் அதே நிறங்களும் பல வருடம் தொடர்ந்தன. அவர் கையால் அவர் பெயரே பொறித்த சாடிகள் அரிது, அதனால்தான் அவற்றுக்கு மதிப்பு. கூடத்தின் பெயர் மட்டும் பொறித்தவைதான் அதிகம். அப்படியிருக்க, ஒரு எழுத்துகூட இல்லாத சாடிக்கு "எம்தினா பாணி" என்று எழுதலாம், ஆதாரம் காட்டினால் "எம்தினாவாக இருக்கலாம்" வரைக்கும் போகலாம், ஹாரிஸ் என்ற ஆளின் கைக்கு எப்படிப் போனார்கள்?

ஏலக்காரர்கள் இந்தப் படிகளை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். இன்னாருடையது, இன்னாருடையதாகக் கருதப்படுவது, இன்னார் கூடத்தைச் சேர்ந்தது, இன்னார் பாணியில் அமைந்தது என்று ஒவ்வொரு சொல்லும் தனித்தனிப் பொறுப்பு. இந்தச் சேவையின் ரிப்போர்ட்டில் அந்தப் படிக்கட்டே கிடையாது. பெயர் என்று ஒரு கட்டம், அதில் ஏதாவது ஒன்றை நிரப்பியே ஆக வேண்டும் போலிருக்கிறது. படிவம் வடிவமைத்தவர் செய்த கோளாறு என்று நினைக்கிறேன், உள்ளே எழுதிய நிபுணருக்கும் முதல் பக்கத்துக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரிதான் இருந்தது.

ஆதாரமாக என்ன காட்டியிருக்கிறார்கள்? ஒன்று, நிறம். "எம்தினாவுக்கே உரிய நிறக்கூட்டு" என்று ஒரு வரி. செம்பு சேர்த்தால் நீலப்பச்சை வரும், கோபால்ட் சேர்த்தால் கருநீலம் வரும், வெள்ளிக் குளோரைடு தேன் மஞ்சளும் பழுப்பும் தரும். இது ரசாயனம், யார் வீட்டுச் சொத்தும் இல்லை. போதாததற்கு ஜெர்மனியின் குக்லர், ரைஷன்பாக் போன்ற நிறுவனங்கள் நிறக் கம்பிகளாகவும் பொடியாகவும் விற்பதை உலகம் முழுக்க ஸ்டுடியோக்கள் வாங்கிப் பயன்படுத்துகின்றன. ஒரே பெட்டியிலிருந்து எடுத்த சிவப்பு ஒரே வாரத்தில் மூன்று கண்டங்களில் உலைக்குப் போகலாம். நிறத்தை வைத்து ஆளைப் பிடிப்பது பழைய தொழிற்சாலைக் கண்ணாடியில் ஓரளவு நடக்கும், அங்கே கலவை ரகசியமாக இருந்தது. ஸ்டுடியோ கண்ணாடியில் அது ஒரு துணைச் சாட்சி, அதற்கு மேல் இல்லை.

இரண்டாவது ஆதாரம்தான் என் கோபத்துக்குக் காரணம். ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த படங்களில் பெரும்பாலானவை ஆன்லைன் விற்பனைப் பக்கங்களிலிருந்து எடுத்தவை. எவரோ ஒருவர் கையெழுத்தில்லாத சாடிக்கு ஹாரிஸ் பெயர் போட்டு விற்கிறார், அடுத்தவர் அந்தப் படத்தைத் தேடிப் பார்த்துவிட்டுத் தன் சாடிக்கும் அதே பெயர் போடுகிறார், கடைசியில் அந்த இரண்டையும் நிபுணர் எனக்கு ஆதாரமாக அனுப்புகிறார். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் காட்டுகிறார்கள், அடியில் எழுதிய ஒரு எழுத்தைக்கூட யாரும் பார்த்ததில்லை. இதே கூத்து செக் நாட்டு ஷ்கெர்ட்லோவிட்சே கண்ணாடிக்கு ரொம்ப நாளாக நடக்கிறது. தடித்த, நிறம் நிறைந்த, பெரும்பாலும் கையெழுத்தில்லாத சாடிகள், கண்ணை மூடிக்கொண்டு முரானோ, அதாவது இத்தாலியின் வெனிஸ் பக்கத்துத் தீவின் புகழ்பெற்ற கண்ணாடி, என்று விற்கிறார்கள். ஒப்பிட வேண்டியது கையெழுத்தோ அசல் ஸ்டிக்கரோ உள்ள பொருளின் அடிப்பாகத்தோடு, அல்லது அந்தக் கூடமே அந்தக் காலத்தில் வெளியிட்ட கேட்டலாக்கோடு. அப்படிப்பட்ட படம் எனக்கு வந்த ரிப்போர்ட்டில் ஒன்றே ஒன்று இருந்தது, அதன் அடி என் சாடியின் அடியைப் போல இல்லை! அதையும் அவர்களேதான் போட்டிருக்கிறார்கள்.

சரி, திட்டியது போதும். பின்பக்கத்தில் வரும் விலக்கல் பகுதிக்கு வருகிறேன், காசு அங்கேதான் இருக்கிறது. பெல்ஜியத்தின் வால் சான் லாம்பேர் தொழிற்சாலையுடையது இல்லை, ஏனென்றால் அங்கே வேலை ஈயக் கிரிஸ்டலில், என் சாடியின் அடர்த்தி அதற்குப் போதாது. இந்தப் பெயரை எதற்கு இழுத்தார்கள் என்று முதலில் புரியவில்லை. அமெரிக்காவிலிருந்து பிரிட்டனுக்கு வந்து அங்கே ஸ்டுடியோ கண்ணாடியை ஊன்றியவர்களில் ஒருவரான சாம் ஹெர்மன் அந்தத் தொழிற்சாலைக்கும் வடிவமைத்திருக்கிறார், கீற்றுக் கீற்றாக நிறம் ஓடும் அவருடைய சாடிகளும் இதே குடும்பச் சாயலில் இருக்கும் என்று விளக்கியிருந்தார்கள். அழகு. அடுத்தது, ஐல் ஆஃப் வைட்டின் 1970-களின் வேலை இல்லை: அந்தக் காலத்துச் சாடிகள் பலவற்றின் அடியில் தீச்சுடர் வடிவ முத்திரை அழுத்தப்பட்டிருக்கும், என் சாடியில் இருப்பது தேய்த்து மெருகேற்றிய பள்ளம். முத்திரையைத் தேய்த்து எடுத்திருக்கலாமே என்ற சந்தேகத்துக்கும் பதில் இருந்தது, பள்ளத்தின் ஆழமும் சுற்றியுள்ள தேய்மானமும் ஒரே வயதுடையவை என்று படத்தில் வட்டம் போட்டுக் காட்டியிருந்தார்கள். பிறகு, அச்சில் ஊதிய தொழிற்சாலைப் பொருள் இல்லை என்று சுவரின் தடிமன் ஒரே சீராக இல்லாததையும் கழுத்தில் இடுக்கி விட்ட வரியையும் வைத்து நிறுவியிருந்தார்கள். இந்த இரண்டு பக்கத்தைப் படித்ததிலேயே கண்ணாடியை எப்படிப் பார்க்க வேண்டும் என்று எனக்குக் கண் திறந்தது. இதை எழுதியவர் யாராக இருந்தாலும் அவருக்குச் சம்பளத்தைக் கூட்டிக் கொடுங்கள்.

இவ்வளவு எழுதியவர்கள் ஒரு கேள்வியை மட்டும் தொடவே இல்லை: இதில் ஏன் கையெழுத்து இல்லை? ஸ்டிக்கர் கழன்று போயிருக்கலாம், அது சாதாரணம். ஆனால் ஸ்டுடியோ உலகில் இன்னும் சில காரணங்கள் உண்டு. மாணவர் பயிற்சிக்குச் செய்தது, பார்வையாளர்கள் முன்னால் செய்து காட்டியது, உதவியாளர் உலை அணையும் முன் தனக்காக ஊதிக்கொண்டது, அப்புறம் எல்லாவற்றையும் விட முக்கியமாக, கோணலாகவோ குமிழியோடோ வந்துவிட்டதால் செய்தவரே கையெழுத்துப் போட மறுத்து இரண்டாம் தரமாக ஒதுக்கியது. கடைசிக் காரணம் என்றால், சரியான பெயரையே கண்டுபிடித்தாலும் அவர் தன்னுடையது என்று ஒத்துக்கொள்ளாத பொருளுக்கு அவர் பெயரைச் சூட்டுகிறோம். என் சாடியின் ஒரு தோளில் உறை லேசாகச் சரிந்திருக்கிறது, படத்திலேயே தெரிகிறது, ஆனால் ரிப்போர்ட்டில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

செய்தவர் என்றால் யார் என்பதும் இந்தத் துறையில் சுலபமான கேள்வி இல்லை. 1962-இல் அமெரிக்காவின் டொலிடோ கலை அருங்காட்சியகத்தில் ஹார்வி லிட்டில்டன் இரண்டு பயிற்சி முகாம் நடத்தினார், தொழிற்சாலைக்கு வெளியே ஒரு கலைஞர் தனியாகச் சின்ன உலையில் கண்ணாடி செய்ய முடியும் என்று காட்ட. டொமினிக் லபினோ என்ற கண்ணாடி விஞ்ஞானி, கண்ணாடி இழை தயாரிக்கப் பயன்படும் கோலிகளைக் கொடுத்து, அதை உருக்கச் சொல்லி உதவினார், அப்படித்தான் வேலை நடந்தது. ஸ்டுடியோ கண்ணாடி இயக்கத்தின் பிறப்பை அங்கேயிருந்துதான் எண்ணுகிறார்கள். ஒரே ஆள் யோசித்து அவரே ஊதுவது என்பதுதான் அப்போது கனவு. ஆனால் லிட்டில்டனின் மாணவரான டேல் சிஹுலியைப் பாருங்கள், 1976-இல் விபத்தில் ஒரு கண் பார்வை போய், 1979-இல் தோளிலும் அடிபட்ட பிறகு அவர் ஊதுவதையே விட்டுவிட்டார், குழு ஊதியது, அவர் இயக்கினார். மாணவர்கள் ஆசிரியரானார்கள், அவர்களுடைய மாணவர்கள் இன்னும் பரவினார்கள், கைவழக்கம் கண்டம் கண்டமாகப் போனது. ஒரே ஆசிரியரிடம் பழகிய பத்துப் பேரின் ஆரம்பகால வேலை ஒரே மாதிரி இருப்பதில் ஆச்சரியம் என்ன? அந்தப் பத்துப் பேரில் புகழ்பெற்ற ஒருவரின் பெயரை மட்டும் எடுத்து மற்ற ஒன்பது பேரின் கையெழுத்தில்லாத சாடிகளுக்கும் வைத்துவிடுவதுதான் இப்போது நடப்பது, இந்தச் சேவையும் அதையே செய்கிறது.

ஆட்சேபம் தெரிவித்து எழுதினேன். பதில் மரியாதையாக, கொஞ்சம் தாமதமாக வந்தது. "எம்தினா பாணியில்" என்று மாற்றுவதில் நிபுணருக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் சான்றிதழ் பக்கம் தானாக உருவாவது, அதில் திருத்த முடியாது என்றார்கள். அந்தச் சான்றிதழை அச்சடித்து வைத்துக்கொண்டு நான் நாளைக்கே இதை ஹாரிஸ் சாடி என்று விற்கலாம், வாங்குபவர் அதை ஆதாரமாக வைத்து அடுத்தவருக்கு விற்கலாம். லோட்ஸ், டிஃபனி போன்ற பழைய புகழ்பெற்ற கண்ணாடித் தயாரிப்பாளர்களின் பெயர்களைப் போலியாகப் பொறித்து விற்கும் ஆட்களுக்காவது ஊசி பிடித்துப் பொறிக்கும் வேலை இருக்கிறது, இங்கே அந்தச் சிரமமும் இல்லை.

வாங்கலாமா? ஒரு குறிப்பிட்ட கூடத்தின் வேலையைச் சேர்ப்பவராக இருந்து, கையில் இருப்பது அதுதானா என்று சந்தேகப்பட்டால் வாங்குங்கள், "இல்லை" என்ற பதிலை இவர்கள் நன்றாகவே சொல்கிறார்கள். விற்பதற்காகப் பெயர் தேடுகிறவர்கள் இந்தப் பக்கமே வராதீர்கள், சரக்கறிந்த ஏலக்காரர் அந்தச் சான்றிதழை ஒரு நிமிடம்கூட மதிக்க மாட்டார். வெறும் ஆர்வம்தான் என்றால் தராசு, வாளி, 365 டார்ச், லென்ஸ் இவற்றோடு வீட்டிலேயே முக்கால்வாசி வேலை முடியும். மீதிக்கு நியூயார்க் மாநிலத்தில் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகத்தின் ராக்கோ நூலகம் இருக்கிறது, பழைய கேட்டலாக்குகள், கலைஞர்களின் ஆவணங்கள் எல்லாம் அங்கே சேர்த்து வைத்திருக்கிறார்கள், கேள்வி அனுப்பலாம். விலை மட்டும் கேட்காதீர்கள், மதிப்பீடு அவர்கள் செய்வதில்லை.

இந்தச் சேவையைத்தான் எடுப்பது என்று முடிவு செய்தால், சான்றிதழ் இல்லாத குறைந்த கட்டண வகையைத் தேர்ந்தெடுங்கள். குறிப்பு எழுதும் பெட்டியில் இரண்டு வரி போடுங்கள்: பெயர் வேண்டாம், விலக்கல் மட்டும் வேண்டும், ஒப்பீட்டுக்குக் கையெழுத்துள்ள பொருட்களின் அடிப்பாகப் படங்களை மட்டும் தரவும். பிறகு நண்பர் ஒருவர் தன்னுடைய பச்சைக் கிண்ணத்தை அப்படி எழுதித்தான் அனுப்பினார். வந்த ரிப்போர்ட் என்னுடையதில் பாதி நீளம், முதல் வரியில் பெயர்க் கட்டம் காலியாக இருந்தது, உள்ளே இருந்ததில் தட்டிக்கழிக்க ஒரு வாக்கியம்கூட இல்லை.